மரச்சீனியும் மீன் கறியும் சாப்பிடக் குமரி மாவட்டம் வருகிறவர்களுக்கு

கரூரிலிருந்து குமரி மாவட்டத்துக்கு மூன்று முறை போனேன். மூன்றாவது முறைதான் மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கும் மீன் கறியும் சாப்பிடக் கிடைத்தது. முதல் முறை விவேகானந்தர் பாறைக்குப் படகு ஏறும் வரிசையில் நின்றே மதியம் போய்விட்டது. நாகர்கோவில் பக்கம் வந்து சேர்ந்தபோது கடைகளில் கிழங்குப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். இரண்டாவது முறை ஜூன் முதல் வாரம் என் தாயாரையும் அழைத்துக்கொண்டு போனேன். துறைமுகங்களில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தன. மூன்று கடைகள் ஏறி இறங்கினோம், நல்ல மீன் இல்லை. முழங்கால் வலியோடு அத்தனை தூரம் வந்தவரை ஏமாற்றமாகத் திருப்பி அழைத்துப் போனது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

இரண்டு பயணத்திலும் தவறு ஊருடையது அல்ல. எப்போது வருவது, எங்கே இறங்குவது, என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கேட்க வேண்டிய பெயர்

நம் பக்கத்தில் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் சொல்வதற்கு இங்கே பெயர் மரச்சீனி. கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் கப்பை என்றும் கேட்கலாம். கடையில் வெறுமனே 'கிழங்கு' என்றாலே போதும், உருளைக்கிழங்கைக் கொண்டுவர மாட்டார்கள்.

கிழங்கு இரண்டு விதமாகக் கிடைக்கும். உப்புப் போட்டு அவித்த துண்டுகள் ஒன்று. அவித்ததோடு தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், மஞ்சள் அரைத்துச் சேர்த்துக் குழைத்தது இன்னொன்று. இதைக் கிழங்கு மயக்கியது என்கிறார்கள். முதன்முறை வருகிறவர்கள் மயக்கியதைக் கேளுங்கள். கறி அதில் நன்றாக ஊறும்.

'கறி' என்ற சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. நமக்குக் கறி என்றால் ஆடு, கோழி. இங்கே அதற்கு இறைச்சி என்ற சொல் இருக்கிறது. கறி என்பது குழம்பு. ஆகவே மீன் கறி என்றால் தேங்காய் அரைத்து வைத்த மீன் குழம்பு. நான் முதலில் 'மீன் வறுவலா?' என்று திருப்பிக் கேட்டேன். கடைக்காரர் நான் வறுவல்தான் கேட்கிறேன் என்று நினைத்து, இரண்டு துண்டு வறுத்த மீனும் வறண்ட கிழங்கும் வைத்துவிட்டுப் போனார்.

தமிழ்நாட்டுப் பகுதியில் கள் விற்கத் தடை இருக்கிறது. கேரளக் கள்ளுக்கடைகளில் சாப்பிட்ட நினைவோடு அப்படி ஓர் இடத்தைத் தேடி அலைய வேண்டாம். இங்கே இது சாப்பாட்டுக் கடையிலும் தேநீர்க் கடையிலும் கிடைக்கும் உணவு.

2. மாதத்தையும் கிழமையையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றதில் தவறினால் நூறு இருநூறு ரூபாய் போகும். இதில் தவறினால் பயணமே வீண்.

குமரி மாவட்டம் இரண்டு கடற்கரைக் கணக்கில் வருகிறது. கன்னியாகுமரியை ஒட்டிய சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கிழக்குக் கடற்கரை விதி. அங்கே விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக்கு மேற்குக் கடற்கரை விதி. அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிகிறது. ஏப்ரல் 15 முதல் மே 31 வரை வந்தால் மேற்குப் பக்கமாக, குளச்சல், மார்த்தாண்டம் திசையில் போங்கள். ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை வந்தால் சின்னமுட்டத்துப் படகுகள் கடலுக்குப் போகும், கிழக்குப் பக்கம் மீன் வரும். ஜூன் 1 முதல் 14 வரை இரண்டு பக்கமும் தடை. அந்த இரண்டு வாரத்தில்தான் நான் என் தாயாரைக் கூட்டிப் போனேன். நீங்கள் போகாதீர்கள்.

தடைக்காலத்திலும் வள்ளங்களும் கட்டுமரங்களும் கடலுக்குப் போகலாம். அவை கொண்டுவரும் சாளையும் (மத்தி) நெத்தோலியும் (நெத்திலி) கரையில் கிடைக்கும். ஆனால் ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். கடல் சீறினால் வள்ளமும் இறங்காது. காற்றோ மழையோ இல்லாமலே அலை ஏறி வரும் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை விடப்பட்ட நாட்களிலும் அப்படித்தான். கிளம்புவதற்கு முந்தைய நாள் மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையைச் செய்தியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிழமை. கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. நாமோ சனி, ஞாயிறு விடுமுறையை வைத்துத்தான் பயணம் போடுகிறோம். ஞாயிறு மதியம் தட்டில் வருவது பெரும்பாலும் முந்தைய நாள் ஐஸில் வைத்த மீன். ஒரு கடைக்காரம்மா என்னிடம் நேராகவே சொன்னார்: "மக்களே, இன்று ஞாயிறு இல்லையா? இன்றைக்குப் பிடித்த மீனுக்கு எங்கே போவேன்? நாளை கழித்து வா." அவர் நினைத்திருந்தால் இருந்ததை விற்றிருக்கலாம். செவ்வாய்க்கிழமை போனேன், கடை பூட்டியிருந்தது. அவரைப் பிறகு பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த நேர்மைக்காகவே இந்த ஊரின் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

செவ்வாய் முதல் சனி வரை எந்த நாளும் நல்லது. புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் போன்ற நாட்களையும் டிசம்பர் 3-ஐயும் தவிர்த்துவிடுங்கள். கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவை ஒட்டி டிசம்பர் 3 இந்த மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்கள் வரும் காலம், அறை வாடகை ஏறிவிடும். என்னைக் கேட்டால் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முடிய வாருங்கள். இரு பக்கத் தடையும் முடிந்து படகுகள் எல்லாம் ஓடும்.

3. டிக்கெட்டும் அடையாள அட்டையும்

ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. சென்னை எழும்பூரிலிருந்து மாலை கிளம்பும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் அதிகாலை நாகர்கோவிலில் இறங்கலாம், ஒரு முழு நாள் கையில் இருக்கும். எழும்பூர் – நாகர்கோவில் வந்தே பாரத் புதன்கிழமை ஓடாது. மற்ற நாட்களில் அதில் வந்தால் சேரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் முடிகிற தறுவாயில் இருக்கும். அதில் வருகிறவர்கள் மாலைக் கிழங்கைக் குறிவையுங்கள், அந்த நேரம் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரணியல், குழித்துறை நிலையங்களிலும் நிற்கிறது. மார்த்தாண்டம் போக விரும்புகிறவர்கள் குழித்துறைக்கே டிக்கெட் எடுத்துவிடலாம்.

தட்கலை நம்பியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் எடுக்க உங்கள் கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். அதைக் காலை 10 மணிக்குத் தொடங்காதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்து வையுங்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசி வரை காத்திருப்போர் பட்டியலிலேயே இருந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறக் கூடாது.

தங்கும் இடத்தில் அடையாள அட்டை கேட்பார்கள். குடும்பத்தில் பெரியவர்கள் எல்லாருடைய அட்டையும் வேண்டும். ஒருவருடையது போதும் என்று நினைத்துப் போய், இரவு பத்து மணிக்கு ஊருக்குத் தொலைபேசி செய்து என் தாயாரின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டியிருந்தது. அசலை எடுத்து வாருங்கள். வாடகைக்கு இருசக்கர வாகனம் எடுக்க எண்ணினால் ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். வாடகைக் காரில் வந்து அப்படியே களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரமும் பார்க்கலாம் என்று திட்டமிட்டால், கேரளத்துக்கான பர்மிட் இருக்கிறதா என்று ஓட்டுநரிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள்.

4. எங்கே இறங்குவது

கன்னியாகுமரி ஊரில் தங்காதீர்கள். சூரிய உதயம் பார்க்க அது சரியான இடம். கிழங்கு தேட அல்ல. அங்கே கடைகள் வெளிமாநிலப் பயணிகளுக்காக நடக்கின்றன. சப்பாத்தியும் வட இந்தியச் சாப்பாடும் எளிதில் கிடைக்கும், மரச்சீனி தேட வேண்டும்.

நாகர்கோவிலில் தங்குவது எல்லாவற்றுக்கும் வசதி. கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர், மார்த்தாண்டம் சுமார் 30 கிலோமீட்டர். ஊருக்குள் பஸ் நிலையம் இரண்டு. வெளியூர் பஸ்களுக்கு வடசேரி, டவுன் பஸ்களுக்கு மீனாட்சிபுரத்தில் இருக்கும் அண்ணா பஸ் நிலையம். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு அண்ணா பஸ் நிலையத்துக்குப் போங்கள். நான் வடசேரியில் முக்கால் மணி நேரம் குளச்சல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை.

தூரத்தை வைத்து நேரம் கணக்கிடாதீர்கள். சாலை குறுகலானது, ஊரும் ஊரும் ஒட்டிக்கிடக்கும். தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் நெரிசல் நிச்சயம். மார்த்தாண்டத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் போக ஆசைப்பட்டால் அதற்குத் தனி நாள் வையுங்கள். படகுச் சேவை காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. விடுமுறை நாட்களில் வரிசை மதியத்தைத் தின்றுவிடும். படகையும் கிழங்கையும் ஒரே மதியத்தில் சேர்த்ததுதான் என் முதல் பயணம் கெட்டுப்போன காரணம்.

5. மீனின் பெயர்கள்

கடைப் பலகையைப் படித்தால் பாதிப் பெயர் புரியாது. நம் பக்கத்தில் மத்தி என்பது இங்கே சாளை. கானாங்கெளுத்தி இங்கே அயிலை. நெத்திலியை நெத்தோலி என்பார்கள். வஞ்சிரம் என்று நாம் விலை கொடுத்து வாங்குவது நெய்மீன். நெய்மீன் என்றதும் நெய்யில் வறுத்த மீன் என்று என்னோடு வந்த நண்பர் ஆர்டர் செய்துவிட்டார். பில்லில் மிக அதிகமான தொகை அதுதான்.

கிழங்குக்கு நெய்மீன் வேண்டியதில்லை. சாளைக் கறியே கிழங்குக்குப் பிறந்தது. அதன் எண்ணெய்ச் சத்து கறியில் இறங்கி, மாவுத்தன்மையுள்ள கிழங்கு அதை இழுத்துக்கொள்கிறது. முள் பயம் உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் சூரை கேட்கலாம், பெரிய மீன், முள் குறைவு. நெத்தோலியைத் தேங்காயும் மாங்காயும் சேர்த்துக் கெட்டியாக வைக்கும் அவியல் கிடைத்தால் விடாதீர்கள். இங்கே அவியல் என்றாலே காய்கறி என்று நினைக்க வேண்டாம், மீனிலும் உண்டு.

6. கடையும் நேரமும்

கிழங்குக்கு நாளில் இரண்டு வேளை. ஒன்று, பகல் 11:30 முதல் 1:30 வரை. இரண்டு, மாலை 4 முதல் 6 வரை தேநீர்க் கடைகளில். நான் போன கடைகளில் 2 மணிக்குப் பிறகு கிழங்கு மிஞ்சியதில்லை. அவித்த கிழங்கு ஆறினால் இறுகிவிடும், நல்ல கடைக்காரர்கள் மிஞ்சும்படி அவிப்பதில்லை.

பெரிய பெயர்ப்பலகையைப் பார்த்து நுழையாதீர்கள். ஆட்டோ ஓட்டுநர்களும் கட்டட வேலை செய்கிறவர்களும் உட்கார்ந்திருக்கும் கடையில் நுழையுங்கள். உட்காரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: கிழங்கு இருக்கிறதா, இன்று கறிக்கு என்ன மீன், கறி தனியாக என்ன விலை? மூன்றாவது கேள்வியை விட்டால் சிக்கல். சில கடைகளில் கிழங்கோடு கறிச்சாறு மட்டும் வரும், மீன் துண்டுக்குத் தனிக் காசு. அது ஏமாற்று இல்லை, அங்குள்ள கணக்கு அப்படி. தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பில்லைப் பார்த்து வாக்குவாதம் செய்வது நமக்கு அழகல்ல.

கடற்கரையில் மீனைக் காட்டி 'எதை வேண்டுமானாலும் எடுங்கள், வறுத்துத் தருகிறோம்' என்னும் கடைகளில் வறுக்கும் முன்பே விலையைப் பேசி முடியுங்கள். எடைக்கா, துண்டுக்கா என்று கேளுங்கள். அப்படி ஒரு கடையில் நான் கேட்காமல் விட்டு, ஒரு மீனுக்கு 650 ரூபாய் கொடுத்தேன்.

இன்னொன்று: சாப்பாடு வேண்டுமா என்று கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். சம்பா அரிசிச் சோறு தட்டு நிறைய வரும், அதன் பிறகு கிழங்குக்கு வயிற்றில் இடமிருக்காது. இருவர் போனால் ஒரு சாப்பாடும் இரண்டு கிழங்கும் சரியாக இருக்கும்.

7. சாப்பிடும்போது

கையால்தான். கறியைக் கிழங்கின் மேல் மொத்தமாக ஊற்றிப் பிசையாதீர்கள், களியாகிவிடும். கிழங்கில் ஒரு சிறு உருண்டை எடுத்துக் கறியில் அழுத்தித் தோய்த்து, முள் எடுத்த மீனை அதன் மேல் வைத்து வாயில் போடுங்கள். புளிப்பும் காரமும் முதலில் தெரியும், கிழங்கின் இனிப்பு கடைசியில் வரும். அந்தக் கடைசி இனிப்புக்காகத்தான் நான் மூன்று முறை வந்தேன். சாளையின் முள்ளை இலையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே வாருங்கள், பேச்சு அப்புறம். கிழங்கின் நடுவில் நூல்போல ஒரு நார் ஓடும், அதையும் எடுத்துவிட வேண்டும்.

புதிய மீனின் சதை முள்ளைவிட்டுத் துண்டாகப் பிரியும். தொட்டதுமே மாவாகக் கரைந்தால் அது பழைய மீன், மேற்கொண்டு சாப்பிட வேண்டாம். கூடக் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடு நிறுத்துங்கள். மரச்சீனி முழுக்க மாவுச்சத்து.

8. செலவு

நான் அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை குளச்சல் பக்கத்தில் கொடுத்தது: கிழங்கு 40 ரூபாய், சாளைக் கறி 70, கட்டன் சாயா 10. ஆக 120 ரூபாய். நாகர்கோவிலில் குளிரூட்டிய உணவகம் ஒன்றில் இதே உணவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியோடு சேர்த்து 310 ரூபாய் ஆனது. சுவையில் முதல் கடைதான் மேல். டவுன் பஸ், ஆட்டோ சேர்த்து ஒரு நாளைக்கு 300 ரூபாய் வைத்துக்கொண்டால் போதும். சிறிய கடைகளிலும் கைபேசியில் பணம் செலுத்தலாம், ஆனால் மீன் விற்கும் பெண்களிடமும் ஆட்டோவிலும் சில்லறை தேவைப்படும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வைத்திருங்கள்.

9. ஊருக்கு வாங்கிப் போவதானால்

மட்டிப்பழம் வாங்குங்கள். விரலளவு சிறிய வாழைப்பழம், கன்னியாகுமரி மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கும் பழம் இது. தோல் மெலிது, பஸ் குலுக்கலில் நசுங்கிவிடும். அன்றே கிளம்புவதானால் முழுதாகப் பழுத்ததை வாங்காமல், லேசாக மஞ்சள் ஏறிய சீப்பாகக் கேளுங்கள். வடசேரிச் சந்தையில் காலையில் கிடைக்கும்.

பச்சை மரச்சீனி வாங்குகிறவர்கள் ஒன்றை ஒடித்துப் பாருங்கள். உள்ளே தூய வெள்ளையாக இருக்க வேண்டும், கருநீலக் கோடு ஓடினால் பழையது. தோண்டி இரண்டு மூன்று நாளில் கறுக்கத் தொடங்கிவிடும், ஆகவே பயணத்தின் கடைசி நாள் வாங்குங்கள். மரச்சீனியைப் பச்சையாகத் தின்னக் கூடாது. அதில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. மேல்தோலையும் அதற்கு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் சேர்த்து உரித்து, சிறு துண்டுகளாக நறுக்கி, துண்டுகள் மூழ்குவதற்கு மேல் தண்ணீர் வைத்து, மூடாமல் வேகவையுங்கள். வெந்ததும் அந்தத் தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டிவிட்டு, அதன் பிறகே தேங்காய் அரைப்பைச் சேருங்கள். என் தாயாருக்கு நான் இப்போது அப்படித்தான் செய்து கொடுக்கிறேன். சாளைக்கு மட்டும் கரூர் மீன் சந்தையில் மத்தி என்று கேட்க வேண்டியிருக்கிறது.